பன்னீராண்டு வற்கடமும் பத்திரபாகு சுவாமிகளும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்துள்ள பழம்பதி திருச்சுழி. ஊழிப் பெருவெள்ளம் சுழித்து நிலத்தினுள் இறங்கிய இடம் என்று அவ்வூர்ப் பெயருக்குத் தலபுராணம் காரணம் கூறும். வெள்ளத்தால் பெயர்பெற்ற அவ்வூரைச் சூழ்ந்த நாடோ நீருக்கு ஏங்கும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து, வரத்துக்கால்கள் ஓடி, கண்மாய்கள் பெருகினால் அங்கே நெல் விளையும். மழை குறைந்தால் குதிரைவாலியும் சோளமும் கம்பும் உயிர் காக்கும். முற்றும் பொய்த்துவிட்டால் ஊரைவிட்டுப் பெயர்வது ஒன்றே வழி.

அவ்வறண்ட நாட்டில்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் சமயத்தின் புகழ்மிக்க பள்ளி ஒன்று விளங்கியது. இன்று காரியாபட்டி வட்டத்தில் ஆவியூரை அடுத்துள்ள குரண்டி என்னும் சிற்றூரே அக்காலத்தில் வெண்பு நாட்டுக் குறண்டி எனப்பட்டது. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளியைத் திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடம் காளநாதர் கோயில் கல்வெட்டுகள் குறிக்கின்றன. குறண்டி அட்டோபவாசி படாரர் என்னும் ஆசிரியரின் மாணவர் வழி வந்தோர் பெயர் மதுரைக்கு மேற்கே சமணர்மலையில் அருகன் திருமேனியின்கீழ் வெட்டப்பட்டுள்ளது. எட்டு நாள் உண்ணா நோன்பு நோற்பவர் என்பது அட்டோபவாசி என்ற பெயரின் பொருள்.

நாமாக ஏற்கும் பசி நோன்பு. நம்மீது சுமத்தப்படும் பசி பஞ்சம். முன்னது உயிரைத் தூய்மை செய்யும் என்பது நம் நெறி. பின்னது உடலோடு ஒழுக்கத்தையும் கல்வியையும் சேர்த்தே அரித்துவிடும் என்பது வரலாறு. இவ்விரு பசிகளின் இயல்பையும் உணர்ந்து, பஞ்சத்தின் வாயிலிருந்து ஒரு பெருங்கூட்டத்தை மீட்டவர் கடைசிச் சுருதகேவலியாகிய பத்திரபாகு சுவாமிகள். தென்னாட்டுத் திகம்பர மரபு தன் வருகையை அவர் காலத்துப் பஞ்சத்தோடு இணைத்தே கூறுகின்றது. வறட்சி மக்கட் சமுதாயத்திற்குச் செய்யும் கேட்டினை நெஞ்சிற்கொண்டு, அப்பெரியாரின் வரலாற்றை இவ்விழா மலரில் சுருங்க உரைக்கலாம்.

பிறப்பும் கல்வியும்

கி.பி. 931-இல் அரிசேனர் வடமொழியில் இயற்றிய பிருகத் கதாகோசம் சுவாமிகளின் வரலாற்றைக் கூறும் பழைய நூல்களுள் ஒன்று. அந்நூலின்படி அவர் பிறந்தது இன்றைய வங்கப் பகுதியில் இருந்த புண்டரவர்த்தன நாடு. தந்தை சோமசர்மன் என்னும் அந்தணர். ஒருநாள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அச்சிறுவன் உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு என்று தொடங்கிப் பதினான்கு உருண்டைகளும் சரியாமல் நின்றன. அவ்வழியே வந்த நான்காம் சுருதகேவலி கோவர்த்தனர் அதனைக் கண்டார். பதினான்கு பூர்வங்களையும் நிலைகுலையாமல் தாங்கவல்ல நெஞ்சம் இச்சிறுவனுடையது என்று உணர்ந்து, பெற்றோரிடம் கேட்டு அவனைத் தம் மாணவனாக ஏற்றார். சிறுவன் கற்று, இல்லம் திரும்பி, பெற்றோரின் இசைவோடு துறவு பூண்டு, குருவுக்குப்பின் சங்கத்தின் தலைமையையும் ஏற்றான் என்பது வரலாறு.

இக்கதையின் நுட்பம் எண்ணத்தக்கது. அந்நாளில் ஆகமம் ஏட்டில் இல்லை. ஆசிரியரின் நெஞ்சிலிருந்து மாணவரின் நெஞ்சுக்குச் செவிவழியே சென்றது. மகாவீரர் அருளிய அங்கங்களும் பூர்வங்களும் முழுமையும் உணர்ந்தோர் கேவலிகளுக்குப்பின் ஐவரே என்று நம் மரபு எண்ணும். அவ்வைவருள் இறுதியானவர் பத்திரபாகு. ஒரு மனிதரின் உயிரில் ஒரு சமயத்தின் கல்வி முழுவதும் தங்கியிருந்தது. பஞ்சம் வந்தால் அழியக்கூடியது நெல் மட்டுமன்று என்பதை இந்நிலையிலிருந்தே உணரலாம்.

பஞ்சத்தின் வருகை

சங்கத்தோடு ஊரூராகச் சென்ற சுவாமிகள் சிப்பிரை ஆற்றங்கரையிலுள்ள உச்சயினியை அடைந்தார். ஒருநாள் உணவு ஏற்க ஓர் இல்லத்தினுள் நுழைந்தபோது, தொட்டிலில் கிடந்த குழவி ஒன்று அவரைப் போய்விடுமாறு கூறியது என்கிறது அரிசேனர் கதை. நிமித்த நூலில் வல்ல அவர் அக்குறியின் பொருளை உணர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்க்கும், நாடு பாழாகும். அன்று உணவு ஏலாமலே திரும்பினார்.

மன்னன் சந்திரகுப்தன் கண்ட பதினாறு கனவுகளுக்கு அவர் பொருள் உரைத்ததாகப் பிற்கால நூல்கள் கூறும். அக்கனவுகளுள் ஒன்றில் வற்றிப்போன ஏரி தோன்றியது. இறுதிக் கனவில் பன்னிரண்டு படமுடைய பாம்பு வந்தது. அப்பாம்பே பன்னீராண்டுப் பஞ்சம் என்று சுவாமிகள் விளக்கினாராம். இம்மன்னனை மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தனாகக் கொள்வது நம் மரபு. வீரநிர்வாணத்துக்குப்பின் 162 ஆண்டுகள் என்று திகம்பரக் குருவரிசை தரும் கணக்கும், வரலாற்றாசிரியர் மௌரியர்க்கு வகுக்கும் காலமும் சில பதின்ம ஆண்டுகள் வேறுபடுவதால் அறிஞரிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் மௌரியர் காலம் பஞ்சத்தை அறிந்திருந்தது என்பதற்குக் கல்லும் செம்பும் சான்று பகர்கின்றன.

சுவாமிகளின் பிறந்த நாடாகிய புண்டரவர்த்தனத்தின் தலைநகர் இன்று வங்கதேசத்தில் மகாஸ்தான் என வழங்குகிறது. அங்கே 1931-இல் கிடைத்த பிராமிக் கல்வெட்டு, இடருற்ற மக்களுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து நெல் வழங்கவும், வளம் திரும்பியபின் அதனை மீண்டும் நிரப்பவும் ஆணையிடுகிறது. கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌரா செப்பேடும் இடர்க்காலத்துக்கென அமைந்த களஞ்சியங்களைக் குறிக்கிறது. கௌடிலியரின் பொருள் நூல் பஞ்சகாலத்தில் அரசன் செய்யவேண்டுவனவற்றை வகுக்குமிடத்து, விதையும் உணவும் வழங்குதல், வேலை கொடுத்தல் என்பவற்றோடு, விளைச்சல் உள்ள நாட்டுக்குக் குடிகளோடு பெயர்தலையும் ஒரு வழியாகச் சொல்கிறது. சௌராட்டிரத்தில் கிர்நார் மலையடியில் சுதர்சனம் என்னும் ஏரியைச் சந்திரகுப்தனின் ஆளுநன் புசியகுப்தன் அமைத்தான் என்று கி.பி. 150-ஐச் சார்ந்த உருத்திரதாமன் கல்வெட்டு உரைக்கும். ஆகவே அரசு ஒன்றும் செய்யாமல் இருந்த காலமன்று அது. ஒரு பருவம் பொய்த்தால் களஞ்சியம் தாங்கும். இரண்டு பருவம் பொய்த்தால் ஏரி தாங்கும். பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்தால் எது தாங்கும்?

பெயர்தல் என்னும் அறம்

இவ்விடத்தில்தான் சுவாமிகளின் முடிவு நிகழ்கிறது. சங்கத்தைத் தென்னாட்டுக்குக் கொண்டுசெல்வது என்று அவர் தீர்மானித்தார். உயிருக்கு அஞ்சி ஓடியதாக இதனைக் கொள்வது பிழை. துறவி சமைப்பதில்லை, சேமிப்பதில்லை, பகற்பொழுதில் ஒருமுறை இல்லறத்தார் உவந்தளிப்பதைக் கைகளில் ஏற்று உண்கிறார். இல்லத்தில் மிகுதி இருக்கும்போது அக்கை நீளுவது இல்லறத்தானுக்குப் புண்ணியம். தொட்டிற்குழந்தைக்கே பால் இல்லாதபோது அது நீளுமானால் சுமை. பக்தியுடைய சாவகன் தன் மக்கள் பட்டினி கிடப்பினும் முனிவரை மறுத்து அனுப்பமாட்டான். அவன் மறுக்கமாட்டான் என்பதனாலேயே முனிவர் விலகவேண்டும். மரபு கூறும் பன்னீராயிரம் துறவியர் ஒரு நாட்டைவிட்டு நீங்கினால், அந்நாட்டில் அத்தனை கவளம் ஒவ்வொரு நாளும் குழந்தைகளுக்கு எஞ்சும். பசித்தவன் வாயிலிருந்து உணவைப் பெறாமையும் அகிம்சையின் ஒரு கூறு என்று இப்பயணத்திற்குப் பொருள் கொள்ளலாம்.

சந்திரகுப்தன் அரசைத் துறந்து தீக்கை பெற்று உடன் சென்றான். சங்கம் மேலைக் கருநாடகத்துக் கள்பப்பு மலையை அடைந்தது. இன்று சிரவணபெளகொளாவில் சந்திரகிரி எனப்படும் சிறுமலை அதுவே. தம் ஆயுள் முடிவு நெருங்கியதை உணர்ந்த சுவாமிகள் விசாகாசாரியரைத் தலைவராக்கிச் சங்கத்தைச் சோழ பாண்டிய நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, தாம் அம்மலைக் குகையில் தங்கினார். பணிவிடைக்குச் சந்திரகுப்த முனிவர் ஒருவரே உடனிருந்தார். காட்டில் உணவு ஏற்கச் சென்ற அவருக்கு, முகம் தோன்றாமல் வளையணிந்த கை மட்டும் அன்னம் நீட்டியதாகவும், அளிப்பவர் யாரென அறியாமல் ஏற்பது முறையன்று என்று அவர் வெறுங்கையோடு திரும்பியதாகவும் கதை உண்டு. நேற்றுவரை பேரரசனாயிருந்தவன் பசியோடு திரும்பினான். குரு அதனைப் பாராட்டினார்.

சுவாமிகள் உணவைப் படிப்படியாக நீத்துச் சல்லேகனையால் உடல் துறந்தார். ஏறத்தாழ கி.பி. 600-ஐச் சார்ந்த சந்திரகிரிக் கல்வெட்டு, பத்திரபாகு உச்சயினியில் பன்னீராண்டு இடரை முன்னறிந்து கூறியதையும், சங்கம் முழுவதும் வடக்கிலிருந்து தெற்கே புறப்பட்டதையும் குறிக்கிறது. அரிசேனரோ சுவாமிகள் உச்சயினிப் பக்கத்திலேயே உயிர் நீத்தார் என்றும், விசாகாசாரியர் என்ற பெயர் பெற்ற சந்திரகுப்தரே சங்கத்தைத் தெற்கே புன்னாட நாட்டுக்கு அழைத்துச் சென்றார் என்றும் கூறுவார். சுவேதாம்பர மரபு அவரை நேபாளத்தில் தவம் இயற்றியவராகக் காட்டும். இடம் பற்றி நூல்கள் வேறுபட்டாலும் பன்னீராண்டுப் பஞ்சம் நேர்ந்தது என்பதில் இம்மரபுகள் ஒன்றுபடுகின்றன.

வடக்கே நின்றவர்கள்

பெயர இயலாமல் வடநாட்டிலேயே தங்கிய துறவியரின் நிலையைத் திகம்பரக் கதைகள் உருக்கமாகக் கூறும். பகலில் முனிவர் உண்ணும் இடத்தில் பசித்தோர் கூட்டமாகப் புகுந்தனர். இல்லறத்தார் கதவைச் சாத்திக்கொண்டனர். இரவில் வந்து பாத்திரத்தில் உணவு பெற்றுச் சென்று, பகலில் தம் இருப்பிடத்தில் உண்ணுமாறு அவர்களே முனிவரை வேண்டினர். இருளில் நாய்களுக்கு அஞ்சிக் கோல் வந்தது. இருளில் வந்த துறவியின் ஆடையற்ற உருவைக் கண்டு கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள்; அதனால் அரையாடை வந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பசித்த இரவில், இரக்கத்தாலோ அச்சத்தாலோ, சிறிதாகத்தான் நுழைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து மழை பெய்து, தெற்கே சென்றவர் திரும்பியபோது, இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இயலாத அளவு விலகியிருந்தனர்.

இதில் எவரையும் பழிக்க இடமில்லை. நின்றவரும் நோன்பாளர், பெயர்ந்தவரும் நோன்பாளர். ஒரே குடும்பமாக இருந்த கூட்டத்தை இரண்டாகப் பிளந்தது கொள்கைப் பகையன்று, மழையின்மை என்றே இக்கதைகளிலிருந்து நாம் உணரவேண்டும். நம் இல்லங்களில் இன்றும் பொழுது சாய்வதற்குமுன் உணவை முடிக்கும் ஒழுக்கம் காக்கப்படுகிறது. அத்தகைய ஒழுக்கம் நிலைபெறுவதற்கும் பகற்பொழுதில் கலயத்தில் உணவு இருக்கவேண்டுமன்றோ?

வற்றிய நினைவு

பஞ்சம் விளைத்த பேரிழப்பு ஆகம இழப்பு. சுவேதாம்பர மரபின்படி, பஞ்சத்துக்குப்பின் பாடலிபுத்திரத்தில் கூடிய துறவியர் தத்தம் நினைவிலிருந்ததைத் தொகுத்தபோது பதினோரு அங்கங்களே தேறின. பன்னிரண்டாவதை அறிந்தவர் பத்திரபாகு ஒருவரே. அவரிடம் கற்கச் சென்றோருள் தூலபத்திரர் ஒருவரே நிலைத்தார். அவருக்கும் பத்துப் பூர்வங்களே பொருளோடு கிட்டின. பின்னரும் ஒரு பன்னீராண்டுப் பஞ்சத்துக்குப்பின் மதுராவில் கந்திலர் தலைமையில் இவ்வாறே நினைவைத் திரட்ட நேர்ந்தது. திகம்பர மரபோ, பத்திரபாகுவுக்குப்பின் முழுச்சுருதம் உணர்ந்தோர் இல்லை என்றும், தலைமுறைதோறும் அறிவு சுருங்கியது என்றும் கூறும். எஞ்சியதும் அழியுமோ என அஞ்சிய தரசேனர், கிர்நார் மலைக் குகையில் புட்பதந்தர், பூதபலி என்னும் இருவர்க்கும் தாம் அறிந்ததைக் கற்பித்தார். அவர்கள் அதனைச் சட்கண்டாகமமாக எழுத்தில் அமைத்தனர். நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் சுருத பஞ்சமி அந்நூல் நிறைவுற்ற நாளின் நினைவு. சந்திரகுப்தன் நீரைத் தேக்கியதும், தரசேனர் அறிவைத் தேக்கியதும் அதே கிர்நாரில் நிகழ்ந்தன என்பது நினைந்து மகிழத்தக்கது.

இவ்விழப்புக்குத் தமிழிலும் ஓர் இணை உண்டு. பாண்டிய நாட்டில் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்தபோது, தன்னால் புலவரைக் காக்க இயலாத மன்னன் அவர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிவிட்டதை இறையனார் களவியல் உரை கூறுகிறது. மழை பெய்து நாடு நாடானபின் ஆள் விடுத்து அழைத்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர் வந்தனர். பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை. பொருள் பெறாவிடில் எழுத்தும் சொல்லும் எதற்கு என்று மன்னன் கவன்றான். உச்சயினிக் கதையும் மதுரைக் கதையும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உண்மையைச் சொல்கின்றன: வற்கடம் ஒரு தலைமுறையின் உணவைத் தின்று, அடுத்த தலைமுறையின் கல்வியையும் தின்றுவிடுகிறது.

தென்னாடு பெற்ற பேறு

வடக்கு இழந்ததில் ஒரு பகுதியைத் தெற்கு பெற்றது. மதுரையைச் சூழ்ந்த மலைக் குகைகளில் துறவியர்க்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. அவற்றுள் மாங்குளத்துக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பர். நெடுஞ்செழியனின் பெயரும், அவன் பணியாளன் நந்தாசிரியர்க்குப் பள்ளி அமைத்ததும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னூர்மலையோடு தொடர்புபடுத்தி நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர் தம் போத பாகுடத்தில் பத்திரபாகுவைத் தம் குருவாக வணங்குகிறார். நாலடியார் பிறந்த கதையும் பஞ்சத்திலேயே தொடங்குகிறது. தம் நாட்டில் பஞ்சம் வந்ததால் பாண்டியனிடம் அடைக்கலம் புகுந்த எண்ணாயிரம் சமண முனிவர், வளம் திரும்பியதும் ஊர் மீள விரும்பினர். மன்னன் பிரிய மனம் இசையாமையால், ஆளுக்கொரு பாட்டை இருக்கையில் வைத்துவிட்டு இரவில் புறப்பட்டனர். வையையில் எறியப்பட்ட ஏடுகளுள் நானூறு எதிரேறின என்பது அக்கதை. பஞ்சத்தால் வந்த விருந்தினர் ஊருக்குச் செலுத்திய நன்றிக்கடன் இன்றும் தமிழ் மாணவர் நாவில் வாழ்கிறது.

மீண்டும் திருச்சுழி நாடு

பஞ்சம் பழங்கதை அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து எண்ணற்றோர் பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். களஞ்சியத்தைத் திறந்த மகாஸ்தான் ஆணையையும், இராத்தல் கணக்கில் பசியை அளந்த அவ்வாணையையும் ஒப்பிட்டால், இரண்டாயிரம் ஆண்டுகளில் மனிதன் எங்கே முன்னேறினான் என்ற ஐயம் எழும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் தமிழாசிரியப் பணி ஆற்றிய ஆண்டுகளில் வறட்சியை நான் கண்டது வயலில் அன்று, வருகைப் பதிவேட்டில். கண்மாய் பெருகாத ஆண்டின் தை மாதத்திற்குப்பின் வகுப்பில் வரிசை வரிசையாக இடம் வெறுமையாகும். பெற்றோர் கரிமூட்டத்திற்கோ, செங்கல் சூளைக்கோ, தொலைவிலுள்ள ஆலைக்கோ செல்வர். பிள்ளைகளும் உடன் செல்வர். மறு ஆனியில் திரும்பி வருவோர், கற்றதில் பாதியை மறந்திருப்பர், சிலர் திரும்புவதேயில்லை. பொருளதிகாரம் வல்லாரைத் தேடிய பாண்டியனின் கவலை அப்போது எனக்கு நன்கு விளங்கிற்று.

நியாயவிலைக் கடையும் சத்துணவும் வந்தபின் பட்டினிச் சாவு அங்கே அரிது. எனினும் வறட்சி நீங்கவில்லை. குண்டாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கிறது. வரத்துக்கால்களில் சீமைக்கருவேலம் அடர்ந்துள்ளது. மழை பெய்யும் ஆண்டிலும் நீர் கண்மாயைச் சேர வழியில்லை. மழை குறைவது இயற்கை. பெய்த மழையை இழப்பது நம் பிழை.

நாம் செய்யத்தக்கது

பெயர்ந்து செல்வது துறவியின் வழி. நிலமும் மனையும் உடைய இல்லறத்தான் செய்யவேண்டுவது வேறு. 1256 முதல் 1258 வரை குசராத்துப் பகுதியை வாட்டிய பஞ்சத்தில், கச்சு நாட்டுப் பத்திரேசுவரத்து வணிகர் சகடூ சா அதனைச் செய்து காட்டினார். பஞ்சம் வரும் என்பதை ஓர் ஆசாரியர் வாயிலாக முன்னறிந்து தானியம் சேர்த்தார். அது வறியவர்க்கே உரியது என்று பொறித்த செப்பேட்டைக் களஞ்சியத்துள் வைத்தார். விலை ஏறியபோது விற்காமல் அன்னசாலைகளைத் திறந்தார் என்று அவர் சரிதம் கூறும்.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்தை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். வறண்ட சீமையில் இந்நான்கும் வேறுவேறு அல்ல. ஒரு வரத்துக்காலைத் தூர்வார உதவுவது ஆகார தானம். பிழைப்புக்காக ஊர் பெயரும் குடும்பத்தின் பிள்ளையை ஓராண்டு விடுதியில் தங்கவைத்துப் படிக்க உதவுவது சாத்திர தானம். அறக்கட்டளைகளும் குடும்பங்களும் விழாச் செலவில் சிறு பங்கினை இதற்கென ஒதுக்கலாம். சுருத பஞ்சமியன்று நாம் நூல்களுக்குப் பூசை செய்கிறோம். அந்நூல்களின் மிகுதியான பகுதியைப் பறித்தது மழையின்மை என்பதை நினைவிற்கொண்டு, அவ்வாண்டே ஓர் ஊருணியையேனும் செப்பம் செய்வோமாயின், கள்பப்புக் குகையில் உணவு நீத்த அப்பெரியாருக்கு அதுவே தக்க வழிபாடாகும்.